மளிகைக் கடைக்குள் விழுந்த ‘ஒன்பது கலர்’ குருவி! கூண்டில் அடைத்தால் ஜெயில்!

கிண்டி பக்கம் ஒரு மளிகைக் கடை. அக்டோபர் மாதம், காலை மணி 6½. கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். ‘தொப்’பென்று ஏதோ உள்ளே விழுந்து, அரிசி மூட்டை சந்தில் ஒளிந்தது. பின்னாலேயே நாலு காக்கா!

எட்டிப் பார்த்தால் குருவி! அதுவும் கலர் கலராக!

கூட்டம் கூடிவிட்டது. “கிளிக்குஞ்சு” என்றார் ஒருவர். “மீன்கொத்தி” என்றார் இன்னொருவர். “200 ரூபாய் தர்றேன், கொடுங்க அண்ணாச்சி. கூண்டில போட்டு வளர்க்கிறேன்” என்றார் ஒரு வாலிபர்.

பால் வாங்க வந்த பெரியவர் தடுத்தார். “அட, இது ஆறுமணிக்குருவி! விடியறப்பவும் பொழுது சாயறப்பவும் ரெண்டு சத்தமா விசில் அடிக்கும். அதான் இந்தப் பேரு” என்றார்.

அங்க அடையாளம்

மைனாவைவிடச் சிறிசு. குட்டை வால். முதுகு பச்சை. இறக்கையில் பளிச்சென்று நீலம். வயிறு வெளிர் மஞ்சள். வாலுக்கு அடியில் ரத்தச் சிவப்பு. கண்ணை ஒட்டி முகமூடி போட்ட மாதிரி கறுப்புப் பட்டை; அதற்கு மேல் வெள்ளைக் கோடு. இந்தியில் ‘நவ்ரங்’ என்பார்கள். ஒன்பது நிறம் என்று அர்த்தம்.

பெயர்தான் குருவி. சிட்டுக்குருவிக்குச் சொந்தம் இல்லை. பிட்டா என்ற இனம். மரக்கிளையில் தேடினால் ஏமாந்து போவீர்கள். மரத்தடியில் தத்தித் தத்தி, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்னும். முதலில் விசில் கேட்கும். பிறகு சருகு அசையும் இடத்தைப் பாருங்கள்.

ஏன் விழுந்தது?

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரிக்கும். குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும். ராத்திரியில்தான் பயணம். களைத்துப்போய் வீட்டிலும் கடையிலும் விழுவது உண்டு. காக்கா, பூனை கண்ணில் பட்டால் தீர்ந்தது கதை!

உங்கள் வீட்டில் விழுந்தால் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாயங்காலம் புதர் ஓரம் விட்டுவிடுங்கள். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது குற்றம். ஜெயில்கூட உண்டு!

அண்ணாச்சி அப்படியே செய்தார். பிஸ்கட் பெட்டியில் பகல் முழுக்க வைத்திருந்து, சாயங்காலம் மரங்கள் அடர்ந்த இடத்தில் திறந்தார். நானும் கூட இருந்தேன். குருவி வெளியே தத்தியது, ஒரு சருகைப் புரட்டியது, புதருக்குள் மறைந்தது.

வாட்சைப் பார்த்தோம். 6 அடிக்க 5 நிமிடம். புதருக்குள்ளிருந்து இரண்டே சத்தமாக ஒரு விசில்!