ஈத்தூண்டிலும் மேடிசன் ஆறும்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆறு, டிரவுட் எனப்படும் குளிர்நீர் மீனை ஈத்தூண்டிலால் பிடிப்பதற்குப் பெயர்பெற்றது. இறகையும் நூலையும் சுற்றி, நீர்ப்பூச்சியைப் போலச் செய்யப்பட்ட தூண்டில் முள்ளே இங்கு ஈ எனப்படுகிறது; அதற்கு எடை மிகக் குறைவு என்பதால், கனமான தூண்டில் கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அக்கயிற்றின் எடையாலேயே அதை நீர்மேல் கொண்டு சேர்க்கின்றனர்.

மீன்பிடிப்போருடன் வரும் வழிகாட்டி, ஆற்றடியில் கிடக்கும் கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருக்கும் இளம்பூச்சிகளின் அளவையும் நிறத்தையும் பார்த்து, அவற்றை ஒத்த ஈயைத் தேர்ந்து தருவதோடு, நீரோட்டம் கயிற்றை இழுத்து ஈயை இயல்புக்கு மாறாக நகர்த்தாதபடி வீசும் முறையையும் கற்பிக்கிறார்.

பண்ணையில் வளர்த்த மீன்களை விடுவதால் ஆற்றிலேயே பிறந்து வளரும் மீன்கள் குறைகின்றன என்பதை மேடிசன் ஆற்றில் நடந்த ஆய்வு காட்டியதையடுத்து, டிரவுட் இயற்கையாகப் பெருகும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை 1974ஆம் ஆண்டில் மொன்டானா நிறுத்தியது, மீன்வளமும் மீண்டது. கோடையில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 23 பாகை செல்சியசைத் தொடர்ந்து எட்டும்போது, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் தளர்வதால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்படுவதும் உண்டு.

பிடித்த மீனைத் திரும்ப விடுவோர், எதிர்முள் இல்லாத தூண்டிலைப் பயன்படுத்தி, கைகளை நனைத்த பின்னரே மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கை பட்டால், நோயிலிருந்து மீனைக் காக்கும் வழவழப்பான மேற்படலம் உரிந்துவிடும்.