செம்பனைத் தோட்டங்களில் பைப்புழுவும் பூச்செடிகளும்

மலேசியாவில் செம்பனையை வர்த்தகப் பயிராக முதன்முதல் 1917-ம் ஆண்டில் சிலாங்கூர்ப் பகுதியில் நட்டனர். அதன் ஓலையைத் தின்று பிழைக்கும் ஜந்துக்கள் பலவற்றுள் பைப்புழுவே தோட்டக்காரருக்குப் பெருஞ் சத்துருவாகும். இலைத் துணுக்குகளைத் தன் வாய்நூலாற் பிணைத்துப் பை கட்டிக்கொண்டு, அதனுள் மறைந்தபடியே இது ஓலையைச் சுரண்டித் தின்னும். பெண் பூச்சிக்குச் சிறகில்லை. பைக்குள்ளேயே முட்டைகளையிட்டு மடியும். குஞ்சுப் புழுக்கள் நூலில் தொங்கிக் காற்றினால் மரத்துக்கு மரம் பரவும். ஓலை பாதியளவு அழிந்த மரங்களில், அடுத்த இரண்டாண்டு விளைச்சல் 100-க்கு 40 பங்கு வரை குறைதலுண்டு. 2013-ல் அந்நாட்டு அரசாங்கம் இதனை அபாயகரமான பூச்சியென்று சட்டபூர்வமாக அறிவித்தது.

இப்புழு இவ்வளவு பெருகியதற்குக் காரணம் யாதெனில், ஓரளவு மனிதனுடைய அவசரமேயாம். 1950-களின் பிற்பகுதியில் டி.டி.டி. முதலிய, பட்ட மாத்திரத்திற் கொல்லும் நீடித்த விஷங்களைத் தோட்டங்களில் தாராளமாகத் தெளித்தனர். பைக்குள்ளிருந்த புழுக்களிற் பல தப்பின. அவற்றை அழித்துவந்த சிறு குளவிகளோ புகலின்றி மாண்டன. அதன்பின் புழுக்கள் முன்னிலும் பன்மடங்காயின.

இக்குளவிகள் கொட்டுபவையல்ல. சில எறும்பினும் சிறியவை. புழுவின் உடலில் முட்டையிடும். அதன் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று தீர்க்கும். ஆயின் வளர்ந்த குளவிக்கு வேண்டிய ஆகாரம் தேனேயாகும். பூண்டுகளெல்லாம் மருந்தினால் ஒழிக்கப்பட்ட தோட்டத்தில் அது முட்டையிடுமுன்னரே பசியால் இறக்கும். ஆகவே பூச்செடிகள் புழுவை விரட்டுவன என்று சிலர் எண்ணுவது தவறு. அவை குளவிக்கு அன்னமிடுகின்றன, அவ்வளவே.

இதற்கு மலேசியாவில் மிகுதியும் நடப்படுவன மூன்று: தர்னெரா என்னும் குறுஞ்செடி, ஆவாரை இனத்துக் காசியா கொபனென்சிஸ், ஆன்டிகோனான் என்னும் இளஞ்சிவப்புப் பூங்கொடி. தர்னெராவின் மலர் காலையில் விரிந்து நண்பகலில் வாடிவிடும். எனினும் அதன் இலையடியிலுள்ள சுரப்பிகளிலும் தேன் ஊறுவதால் குளவிக்கு உணவு தடைப்படாது. தண்டை வெட்டி நட்டாலே வேர்பிடிக்கும். காசியாவை விதையினின்று எளிதில் வளர்க்கலாம்.

முதிர்ந்த செம்பனையின் நிழலில் இச்செடிகள் நன்கு பூக்கமாட்டா. ஆதலின் வெயில்படும் பாதையோரங்களிலும் தோட்ட எல்லைகளிலும் வரிசையாக நடல் வேண்டும். பங்களா வாசலில் மட்டும் அழகுக்கு நடுவதால் உட்புற மரங்களுக்குப் பயனேதுமில்லை. களைக்கொல்லி தெளிக்கும் ஆட்களுக்கு இச்செடிகளை முன்கூட்டியே காட்டிவைத்தல் அவசியம். களையென்றெண்ணி அவர்கள் அழித்துவிடுதல் சகஜம்.

புழு ஏற்கெனவே மிகுந்துவிட்ட இடத்தில் பூச்செடி மட்டும் போதாது. அப்போது புழு இளம்பருவத்திலிருக்கையில் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா மருந்தைத் தெளிப்பது சிலாக்கியம். அம்மருந்தை ஓலையோடு தின்ற புழுக்களே சாகும், குளவிகளுக்கு அதனால் தீங்கில்லை. பட்டதைக் கொல்லும் விஷங்களோ, செம்பனையின் மகரந்தச் சேர்க்கைக்காக 1981-ல் ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்ட கூன்வண்டையும் கெடுக்கும்.

மருந்தடிக்கத் தீர்மானிக்குமுன் சில ஓலைகளிலுள்ள பைகளை எடுத்துக் கிழித்துப் பார்க்கவேண்டும். உயிருள்ள புழு மிகுதியாயின் மருந்து தேவை. பையில் சிறு வட்டத்துளையிருந்து உள்ளே வெறுமையாயின், குளவி அங்கு வேலையைத் தொடங்கிவிட்டதென அறியலாம்.