கரண்ட் வைத்தால் கட்டியில் ரத்தம் கூடுமா?

நம்மூர் நோயாளிகள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியதும் புற்றுக் கட்டிக்குப் போகும் ரத்தம் வற்றிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். லண்டனின் வடமேற்கு ஓரத்தில், நார்த்வுட்டிலுள்ள மவுண்ட் வெர்னன் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஸ்கேனில் கண்டதோ வேறு. சிகிச்சை நடக்க நடக்க, நுரையீரல் கட்டியில் ரத்தம் கூடியிருந்தது.

அது நல்ல செய்தியாக இருக்கலாம், ரத்தத்தோடு ஆக்சிஜனும் வரும். கதிர்வீச்சு செல்லின் டி.என்.ஏ.வை உடைக்கிறது, பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அந்த உடைப்பைச் செல்லால் எளிதில் சரிசெய்துகொள்ள முடியாது. ஆக்சிஜன் எட்டாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும்.

அதே மவுண்ட் வெர்னனில் பணியாற்றிய இயற்பியலாளர் லூயி ஹரால்ட் கிரே, சக ஆய்வாளர் தாம்லின்சனுடன் சேர்ந்து 1955இல் நுரையீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ரத்தக் குழாய்கள் உள்ள திசுவிலிருந்து ஏறத்தாழ 180 மைக்ரோமீட்டருக்கு அப்பால் செல்கள் மடிந்து கிடந்தன. அந்த எல்லையில் ஆக்சிஜனின்றித் தவிக்கும் செல்களே கதிர்வீச்சுக்குத் தப்பக்கூடும் என்று இருவரும் கருதினார்கள். கதிர்வீச்சை அளக்கும் 'கிரே' அலகு இவர் பெயரில் வந்ததே.

வெட்டியெடுத்த திசுவில் ரத்த ஓட்டத்தைப் பார்க்க முடியாது. அதற்கு வந்த வழி பெர்ஃப்யூஷன் சி.டி. அயோடின் கலந்த மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றி, ஒரே இடத்தைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுக்கிறார்கள். கட்டியின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விரைவாக, எந்த அளவுக்கு வெளுக்கிறது என்பதை வைத்து, அங்குள்ள ரத்தத்தின் அளவையும் குழாய்ச் சுவரின் கசிவையும் கணக்கிடலாம். மூச்சு விடும்போது கட்டி நகர்ந்துவிடுவதுதான் நுரையீரலில் பெரிய தொல்லை.

தொடக்கத்தில் சொன்ன, 2007இல் வெளியான மவுண்ட் வெர்னன் ஆய்வில், நோயின் வேதனையைத் தணிக்க 6 தவணைகளில் 27 கிரே பெற்றவர்களை 2, 4, 6ஆம் தவணைகளுக்குப் பின் ஸ்கேன் செய்தார்கள். ரத்தம் தெளிவாகக் கூடியது கட்டியின் விளிம்பில். நடுப்பகுதியில் மாற்றம் குறைவு.

ரத்தம் கூடும் நாட்களில் புற்று மருந்தும் கட்டிக்குள் கூடுதலாகச் சேரக்கூடும். அப்படியானால் மருந்தை எந்தத் தவணையோடு சேர்த்துக் கொடுப்பது என்று முடிவெடுக்க இந்த ஸ்கேன் உதவலாம். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனும் உடலில் கதிர்வீச்சைக் கூட்டுகிறது; மென்பொருள் மாறினால் கணக்கும் மாறுகிறது. இந்த இரண்டையும் சரிக்கட்டினால்தான் இது ஆய்விலிருந்து அன்றாட சிகிச்சைக்கு வர முடியும்.