அடி தாங்கும் மருத்துவத் துறை

கொள்ளைநோய் வந்தாலும் நிலைகுலையாத சுகாதார அமைப்பு எப்படி இருக்க வேண்டும்? பொதுச் சுகாதார ஆய்வாளர் மார்கரெட் குருக் 2015 மே மாதம் 'லான்செட்' இதழில் இதற்கு விடை எழுதியபோது, மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா முழுதாக ஓய்ந்திருக்கவில்லை. உடன் எழுதிய மூவரில் ஒருவரான பெர்னிஸ் டான் அதே ஆண்டில் லைபீரியாவின் சுகாதார அமைச்சரானார். குருக்குக்கும் லைபீரியா பழகிய நாடுதான். உள்நாட்டுப் போருக்குப் பின் நிம்பா மாவட்டத்தில் என்னென்ன சிகிச்சைகள் கிடைக்கின்றன என்று முன்பே ஆராய்ந்திருந்தார்.

2014இல் எபோலா நுழைந்தபோது, 40 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு லைபீரியாவில் சுமார் 50 மருத்துவர்களே இருந்தனர். கையுறைகூடப் போதாத மருத்துவமனைகளில் ஊழியர்களையே நோய் தொற்றியது. அவர்களில் 190க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மருத்துவமனைக்குப் போனால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மக்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. பிரசவம், மலேரியா சிகிச்சை, தடுப்பூசி எல்லாம் முடங்கின. லைபீரியாவில் எபோலா கொன்றவர்கள் 4,800க்கு மேல். சாதாரண நோய்க்குக்கூடச் சிகிச்சை கிடைக்காமல் செத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

குருக் குழு ஐந்து பண்புகளைச் சொன்னது. தன் பலத்தையும் ஓட்டைகளையும் அறிந்திருப்பது, பலவகை நோய்களையும் கவனிக்க முடிவது, பல துறைகளைச் சேர்த்து இயக்குவது, நிலைமைக்கேற்ப மாறிக்கொள்வது ஆகியவை நான்கு. கடினமானது ஐந்தாவது: புதிய நோயைத் தனியே ஒதுக்கிவிட்டு, அன்றாடச் சிகிச்சையை நிறுத்தாமல் நடத்துவது. சாதாரண நாளில் ஒழுங்காக நடக்காத மருத்துவமனைக்கு இது கைகூடாது.

அறிந்திருப்பதும் எளிதல்ல. லைபீரியாவிலும் எபோலா இருக்கக்கூடும் என்று ஜெர்மன் விஞ்ஞானிகள் 1982லேயே எழுதியிருந்தனர். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் லைபீரியர் எவரும் இல்லை. எச்சரிக்கை ஊர் வந்து சேரவே இல்லை.

நைஜீரியாவின் கதை வேறு. 2014 ஜூலையில் லாகோஸ் விமான நிலையத்தில் ஒரு நோயாளி வந்திறங்கினார். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே பயிற்சி பெற்றிருந்தவர்கள், நோயாளிகளுடன் பழகிய ஏறத்தாழ 900 பேரைத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். நோய் 20 பேரோடு நின்றது. இறந்தவர்கள் 8 பேர். போலியோவுக்காக இருந்த ஆட்களே எபோலாவின் பக்கம் திரும்பி நின்றார்கள்.

லைபீரியாவும் பின்னர் தேறியது. 2017 ஏப்ரலில் சினோ மாவட்டத்தில் ஓர் இறுதிச் சடங்குக்குப் போனவர்கள் அடுத்தடுத்துச் சுருண்டு விழுந்தபோது, தகவல் உடனே மேலே போனது. எபோலா இல்லை என்பதை உள்நாட்டு ஆய்வகமே விரைவில் சொன்னது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் கிருமிதான் காரணம் என்பது பின்னர் அமெரிக்கச் சோதனையில் உறுதியானது. 13 பேர் இறந்தனர். 31 பேருக்கு மேல் நோய் பரவவில்லை.