ஒரே நிலம், இரண்டு வரைபடங்கள்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தலப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அதில் ஒரு சாலையை அரை மில்லிமீட்டர் தடிமனில் வரைந்தால், கணக்குப்படி அந்தச் சாலையின் அகலம் 25 மீட்டர். ஊர்ப்புறத்தில் அவ்வளவு அகலமான சாலைக்கு எங்கே போவது? ஐந்து மீட்டர் சாலையை உள்ளபடியே வரைந்தால் 0.1 மில்லிமீட்டர்தான் வரும். மற்ற கோடுகளுக்கு நடுவே அது காணாமலே போய்விடும். ஆகவே வரைபவர்கள் தெரிந்தேதான் சாலையைப் பெருக்கிக் காட்டுகிறார்கள்.

சாலையை ஒட்டி ரயில் பாதை, அதை ஒட்டி வாய்க்கால் என்று வந்தால் சிக்கல் கூடுகிறது. மூன்றையும் தடித்த கோடுகளாக வரைய இடம் போதாது. ஒன்றை அதன் இடத்திலேயே விட்டு, மற்றவற்றைச் சற்றுத் தள்ளி வரைவார்கள். கரையோர வீடுகளும் கூடவே நகரும். எது எதற்குப் பக்கத்தில், எந்த வீடு எந்தக் கரையில் என்ற உறவைக் காப்பாற்றுவதற்காகச் செய்யும் விட்டுக்கொடுப்பு இது. வரைபடக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த நேர்த்தியும் இதுதான்.

அந்தத் தாளை ஸ்கேன் செய்து திரையில் பத்து மடங்கு பெரிதாக்கினால் வினை தொடங்குகிறது. செயற்கைக்கோள் படத்தின் மேல் அதை வைத்துப் பாருங்கள்: சாலை வயலில் ஓடும், வீடு வாய்க்காலில் நிற்கும். கீழே அச்சிட்ட 1:50,000 என்ற எண்ணும் செல்லாது. ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினாலும் இதே கதைதான். கோடாக வரைந்த அளவுகோல் மட்டும் படத்தோடு சேர்ந்தே நீளும், சுருங்கும். அதனால் எப்போதும் சரியாக இருக்கும்.

திரைக்கென்றே செய்யப்படும் வரைபடத்தின் அமைப்பு வேறு. முதல் படியில் உலகம் முழுவதும் 256 பிக்சல் பக்கமுள்ள ஒரே சதுரத்தில் அடங்கும். ஒரு படி உள்ளே போனால் 4 சதுரங்கள், அடுத்தது 16. பத்துப் படி இறங்கினால் 10 லட்சத்துக்கும் மேல். ஒரு குக்கிராமத்தின் பெயர் எந்தப் படியில் தோன்ற வேண்டும், ஓடை எந்தப் படியில் மறைய வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். தாளில் அந்த முடிவை ஒருமுறை எடுத்தால் போதும்.

இணைய வரைபடங்களில் பெரும்பாலானவை, உருண்டைப் பூமியைத் தட்டைப் படமாக்க மெர்க்கேட்டர் முறையைப் பின்பற்றுபவை. சென்னை இருக்கும் அட்சரேகையில் அது நீளத்தை 3 சதவீதத்துக்கும் குறைவாகவே மிகைப்படுத்துகிறது. ஆஸ்லோவில் ஏறக்குறைய இரு மடங்காக்கிவிடுகிறது. ஊருக்குள் வழி தேடுபவருக்கு இதனால் பாதகமில்லை. அதையே எடுத்து உலகப் படமாக வகுப்பறைச் சுவரில் மாட்டினால், கிரீன்லாந்தைவிட ஏறத்தாழ 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா அதற்குச் சமமாகத் தெரியும்.

அப்படியானால் தாளுக்கும் திரைக்கும் பொதுவாக எதை வைத்துக்கொள்வது? தரவை மட்டும். சுவிட்சர்லாந்தின் தேசிய நில அளவை அமைப்பான சுவிஸ்டோப்போ, ஒவ்வொன்றையும் அதனதன் உண்மை இடத்தில் வைத்து ஒரு நில மாதிரியைப் பராமரிக்கிறது. அதிலிருந்து 1:25,000 படத்துக்கான வடிவம் தனியே உருவாக்கப்படுகிறது. தள்ளுதலும் தடிப்பாக்குதலும் அந்த வடிவத்தோடு நின்றுவிடும். 2009-இல் வெளியான நேச்சுரல் எர்த் என்ற இலவச உலகத் தரவுத் தொகுப்பு, ஒரே கடற்கரையை 1:1 கோடி, 1:5 கோடி, 1:11 கோடி என மூன்று நுணுக்கங்களில் தருகிறது. மூன்றில் எதை எடுப்பது என்பதை வரைபவர் தன் தாளையும் திரையையும் பார்த்து முடிவு செய்யலாம்.

நிறமும் ஊடகம் மாறினால் மாறும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் பளிச்சிடும் பச்சை தாளில் மங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, கறுப்பு வெள்ளை நகல். ஒரே வெளிர்மையுள்ள சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பலாகிவிடும். அமெரிக்க நிலவரைபடவியலாளர் சிந்தியா புரூவர், மார்க் ஹாரோவருடன் சேர்ந்து உருவாக்கிய கலர்புரூவர் என்ற இணையக் கருவி இதற்கு அருமையான துணை. நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பிரித்துத் தெரியுமா, அச்சுக்கு ஏற்றதா, நகலெடுத்தாலும் நிலைக்குமா என்று நிறத்தொகுதிகளை அதில் சலித்தெடுக்கலாம். நடுவில் வெளிறி இரு முனையிலும் அடர்ந்திருக்கும் தொகுதிகள் நகல் சோதனையில் தேறுவதில்லை. நகலில் இரு முனைகளும் ஒன்றாகிவிடுகின்றன.

தமிழுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ‘கெ’ கணினியில் ககரம் முதலாகவும் கொம்பு அடுத்ததாகவும் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்கோ கொம்புதான் முதலில். எழுத்துருவை முறையாகக் கோக்காத இணைய வரைபட மென்பொருளில் கொம்பு தவறான பக்கத்தில் போய் விழும். நதியின் வளைவை ஒட்டிப் பெயரைப் பரப்பும்போது ‘கொ’வின் மூன்று துண்டுகளும் சேர்ந்தே நகர வேண்டும். அச்சுக்குப் போகும் பக்கத்தையாவது யாரேனும் மெய்ப்புப் பார்ப்பார்கள். திரையில் கோடிக்கணக்கான சதுரங்களை யார் பார்ப்பது?

வெள்ள அபாயப் படங்களையும் நிவாரண முகாம் படங்களையும் வரைபவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் படம் கைப்பேசியில் பரவும். மின்சாரமும் சிக்னலும் போன பிறகு யாரோ எடுத்துவைத்த கறுப்பு வெள்ளை நகலாகவே கையில் மிஞ்சும். அபாயத்தைச் சிவப்பு, பச்சையால் பிரிக்காமல் வெளிர்மையிலிருந்து அடர்த்திக்குப் போகும் ஒரே நிறத்தால் காட்டுங்கள். கோட்டு அளவுகோலைப் படத்துக்குள்ளேயே வையுங்கள். குறிவிளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். வெளியிடும் முன் ஒரு நகல் எடுத்து, அதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.