குச்சி வெட்டும் முன் இலையைத் திருப்பிப் பாருங்க

மழை தொடங்கினா நம்ம குழு நர்சரிகள்ல செம்பருத்தி, குரோட்டன்ஸ், கல்வாழைன்னு அழகுச்செடிக் கன்றுகள் போடுற வேலை மும்முரமாயிடும். இதுல ஒரு ஆபத்து இருக்கு. தாய்ச்செடியில வைரஸ் நோய் இருந்தா, அதுல வெட்டின 100 குச்சியும் பெரும்பாலும் நோயோடதான் துளிர்க்கும். வாங்கிட்டுப் போனவங்க செடியோட திரும்பி வந்து நிப்பாங்க. குழுக் கடன்ல போட்ட பணமும் போகும், பேரும் போகும்.

வைரஸ் தாக்கின செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்தா வாங்காதீங்க.

ஆனா இலை மஞ்சளானதுமே வைரஸ்னு செடியைப் பிடுங்கிடவும் வேண்டாம். நரம்பைப் பாருங்க. கொழுந்து இலையில நரம்பு மட்டும் பச்சையா இருந்து, இடைப்பட்ட பகுதி வெளுத்திருந்தா அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணுல இது சகஜம். ஒரு லிட்டர் தண்ணியில 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைச்சுத் தெளிச்சா புது இலை பச்சையா வரும். வைரஸ்ல இதுக்கு நேர்மாறா நரம்பே மஞ்சளாகலாம். இல்லேன்னா பச்சையும் மஞ்சளும் ஒழுங்கில்லாம திட்டுத்திட்டா இருக்கும். வெண்டைச் செடியில மஞ்சள் நரம்புத் தேமலைப் பார்த்தவங்களுக்கு இது சட்டுனு பிடிபடும்.

செம்பருத்தியிலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. நுனி சுருண்டு குட்டையா நின்னா, கொழுந்தை விரிச்சுப் பாருங்க. பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா அது மாவுப்பூச்சி. நுனியை வெட்டி அழிச்சுட்டு, சோப்பு கலந்த வேப்ப எண்ணெய்க் கரைசல் அடிச்சா செடி தேறிடும். பூச்சியே இல்லாம இலை கிண்ணம் மாதிரி சுருண்டு, அடிப்பக்க நரம்பு தடிச்சு, அதுல குட்டி இலை மாதிரி முளைச்சிருந்தா அது இலைச்சுருள் வைரஸ். இதை வெள்ளை ஈ பரப்புது.

கல்வாழையில நரம்பை ஒட்டி மஞ்சள் கோடு கோடா ஓடி, இலை ஓரம் காய ஆரம்பிச்சா அந்தக் கிழங்கைப் பிரிச்சு நடாதீங்க. நோய் கிழங்குலயே இருக்கும். குரோட்டன்ஸ்ல மஞ்சள் புள்ளி இருக்கிறது அந்த ரகத்தோட அழகு, அதுக்குப் பயம் வேண்டாம். ஆனா இலை கோணலாகி, செடியும் குன்றிப்போனா தனியா எடுத்து வைங்க.

நோய்ச்செடியை வேரோட பிடுங்கி, வெள்ளை ஈ பறக்காதபடி பையில மூடி எடுத்துட்டுப் போய் எரிச்சிடுங்க. பக்கத்துல மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. கத்தியை ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் அப்புறம் சோப்புத் தண்ணியில நல்லா கழுவுங்க, சில வைரஸ்கள் சாறு வழியாவும் போகும்.

கண்ணால பார்த்து எல்லாத்தையும் உறுதி பண்ண முடியாது. சந்தேகம் இருந்தா இளம் இலைகளைக் காகிதத்துல சுத்தி, உங்க மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துல காட்டி, எங்க சோதிக்கலாம்னு கேளுங்க. கொரோனாவுக்கு எடுத்த மாதிரி பி.சி.ஆர். முறையிலயும் செடி வைரஸைக் கண்டுபிடிக்கிறாங்க. முடிவு வர்ற வரைக்கும் அந்தச் செடியில ஒரு குச்சிகூட வெட்டாதீங்க.