நெரிசலில் மட்டும் மக்கர் செய்யும் கார் கிளட்ச்: கோளாறு எங்கே? கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: காலையில் புறப்படும்போது காரில் எந்தக் குறையும் தெரிவதில்லை. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பிலோ, மும்பையின் மேற்கு விரைவு நெடுஞ்சாலையிலோ அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு கியர் விழ மறுக்கிறது. அல்லது கிளட்ச் பெடல் தளர்ந்துவிடுகிறது. மறுநாள் பணிமனையில் காட்டினால் கார் இயல்பாக ஓடுகிறது. முடிவில், காரணம் அறியாமலேயே கிளட்ச் பிளேட் மாற்றப்படுகிறது. சில ஆயிரங்கள் செலவான பின்னும் அதே கோளாறு தொடர்வது உண்டு.

நெரிசலில் மட்டும் ஏன்?

இஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலையும் கியர் பெட்டியையும் இணைப்பதும் பிரிப்பதும் கிளட்சின் பணி. நெடுஞ்சாலையில் அது முழுமையாக இணைந்திருப்பதால் உராய்வு ஏற்படுவதில்லை. நெரிசலிலோ, ஒவ்வொரு முறை கார் நகரும்போதும் பிளேட் உராய்ந்து வெப்பம் உண்டாகிறது. குறைந்த வேகத்தில் காற்றோட்டமும் இல்லாததால் அந்த வெப்பம் தணிவதில்லை. எனவே, குளிர்ந்த நிலையில் மறைந்திருக்கும் பழுது, சூடேறியதும் வெளிப்படுகிறது. சோதனையும் கார் சூடாக இருக்கும்போதே செய்யப்பட வேண்டும்.

இஞ்சின் சீறுகிறது, வேகம் கூடவில்லை

ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இஞ்சின் சுழற்சி உயர்ந்தும் கார் வேகமெடுக்கவில்லை என்றால், பிளேட் வழுக்குகிறது என்று பொருள். மேம்பால ஏற்றத்தில் இது தெளிவாகத் தெரியும்; கருகிய வாடையும் வரலாம். சமதளத்தில், முன்னால் எவரும் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட வேண்டும். இஞ்சின் உடனே அணைந்தால் பெரும்பாலும் வழுக்கல் இல்லை. அணையாமல் ஓடினால் பிளேட் தேய்ந்திருக்கலாம் அல்லது அதில் எண்ணெய் படிந்திருக்கலாம். கேபிள் வகை கிளட்ச் என்றால், முதலில் பெடலின் தளர்வு அளவைச் சரிபார்ப்பது நல்லது. அளவுக்கு மீறி இறுக்கமாக வைத்தாலும் பிளேட் வழுக்கும். இச்சோதனையே வெப்பத்தை உண்டாக்கும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது.

கியர் விழவில்லை

இஞ்சின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸ் கியரும் விழாமல், இஞ்சினை அணைத்ததும் எளிதாக விழுந்தால், கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என்று கொள்ளலாம். அணைத்த பிறகும் விழவில்லை என்றால் கியர் இணைப்பிலோ கியர் பெட்டியிலோ குறை இருக்கக்கூடும்.

பெடல் தளர்கிறது

பெடலை இரண்டு மூன்று முறை தொடர்ந்து மிதித்த பின் கியர் விழுந்தால், பிளேட்டை விட ஹைட்ராலிக் அமைப்பின் மீதே சந்தேகம் கொள்ள வேண்டும். குழாயில் காற்று புகுந்திருக்கலாம். சிலிண்டரின் சீல் பழுதாகியிருக்கலாம். 'பிரேக் ஆயில்' எனப்படும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்த நிலைக்கான வரையறை 155 டிகிரி மட்டுமே. சூட்டில் ஆவிக் குமிழிகள் தோன்றினால் பெடலின் அழுத்தம் கிளட்சைச் சென்றடையாது.

பல கார்களில் பிரேக்கிற்கும் கிளட்சிற்கும் திரவக் கலம் ஒன்றே. ஆகவே திரவ மட்டம் குறைந்தாலோ, பெடலுக்கு அடியிலோ கியர் பெட்டி அருகிலோ ஈரக் கசிவு தெரிந்தாலோ, அதைப் பிரேக் தொடர்பான எச்சரிக்கையாகவும் கருதி உடனே சரிசெய்ய வேண்டும்.

அதிர்வும் சத்தமும்

கார் நகரத் தொடங்கும்போது உதறினால் பிளேட்டில் எண்ணெய் படிந்திருப்பதோ, ஃப்ளைவீல் பரப்பு சூட்டில் பாதிக்கப்பட்டிருப்பதோ காரணமாகலாம். பெடலை மிதித்தால் மட்டும் இரைச்சல் வந்தால் ரிலீஸ் பேரிங் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

மெக்கானிக்கிடம் என்ன கூற வேண்டும்?

எவ்வளவு நேரம் ஊர்ந்த பின் கோளாறு தோன்றியது, எந்தக் கியர் விழவில்லை, மீண்டும் மிதித்ததும் சரியானதா, வாடை வந்ததா, எவ்வளவு நேரம் நின்ற பின் இயல்புக்குத் திரும்பியது ஆகிய ஐந்து தகவல்களைக் குறித்துக்கொண்டால் பழுதைக் கண்டறிவது எளிதாகும். இயன்றவரை நெரிசலில் ஓட்டிய சூட்டோடு காரைப் பணிமனைக்குக் கொண்டுசெல்வது சிறந்தது. கியர் பெட்டியை இறக்கும் முன், திரவம், கசிவு, கேபிள் ஆகிய மூன்றையும் பரிசோதிக்குமாறு கேட்கலாம்.

சரிசெய்த பின்னும் பழக்கம் மாறவில்லை என்றால் புதிய பிளேட்டும் விரைவில் தேயும். சிக்னலில் நியூட்ரலுக்கு மாற்றுவது, ஏற்றத்தில் ஹாஃப் கிளட்சுக்குப் பதிலாக ஹேண்ட் பிரேக்கைப் பயன்படுத்துவது, ஓட்டும்போது பெடல் மீது காலை வைத்திருக்காமல் இருப்பது ஆகியவை கிளட்சின் ஆயுளை நீட்டிக்கும்.